முதலில் ஆளை அளவெடுங்கள், பிறகு மேசையை!

வீட்டுக்குள் அலுவலகம்: வாசகர் கேள்விகள்

போன இதழில் 'வீட்டில் அலுவலக அறை அமைப்பது பற்றிக் கேளுங்கள்' என்று சொன்னதும் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் படம் இணைத்திருந்தீர்கள். செல்போனில் பார்த்துப் பிடித்துப்போன மேசை, பிடித்துப்போன நாற்காலி. அறையின் அளவை எழுதியவர்கள் ஐந்தாறு பேர். உட்காரப்போகிறவரின் உயரத்தை எழுதியவர் ஒரே ஒருவர். அவர் கடிதத்தையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

அம்பத்தூரிலிருந்து ஒரு வாசகி: நானும் கணவரும் ஐ.டி. வேலை. வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்துதான். நான் டைனிங் டேபிளில், அவர் கட்டிலில். எனக்குத் தோள்பட்டை வலி விடவே இல்லை. 11,000 ரூபாய் கொடுத்து நாற்காலி வாங்கியும் தீரவில்லை. என் உயரம் 5 அடி 1 அங்குலம். அவர் 5 அடி 10. வாடகை வீடு, ஆணி அடிக்க ஹவுஸ் ஓனர் விடமாட்டார். இருவருக்கும் அழகாக, வசதியாக என்ன செய்யலாம்?

உங்கள் நாற்காலியை நான் குறை சொல்லமாட்டேன். வலி மேசையிலிருந்து வருகிறது.

என் அப்பா மரவேலைக்காரர். மதுரை செல்லூரில் சின்னப் பட்டறை. எழுதுமேசை வேண்டும் என்று யாராவது வந்தால், அப்பா முதலில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்வார். செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதம் முழுக்கத் தரையில் பதிய வேண்டும். தோளைத் தளர்த்திக் கையைத் தொங்கவிட்டு, முழங்கையை மட்டும் மடக்க வேண்டும். பக்கத்தில் ஒரு ரீப்பர் கட்டையை நிறுத்தி, முழங்கையின் அடி வரும் இடத்தில் காதிலிருந்து பென்சிலை எடுத்து ஒரு கோடு போடுவார். மேசை அந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது. கட்டையில் அவர் பெயரை எழுதி மூலையில் சாத்திவைப்பார். அப்பா போனபிறகு பட்டறையைக் காலி செய்தபோது அப்படி முப்பது நாற்பது கட்டைகள் கிடைத்தன. ஒரே உயரத்தில் இரண்டைத் தேடி எடுப்பதே பெரும்பாடாக இருந்தது.

இன்று கடையில் வாங்கினாலும் தச்சரிடம் சொன்னாலும் மேசை 30 அங்குலத்தில்தான் வருகிறது. உங்கள் டைனிங் டேபிளும் அநேகமாக அதே உயரம்தான். 5 அடி 1 அங்குல உயரமுள்ள பெண் பாதம் பதிய உட்கார்ந்தால் முழங்கை ஏறக்குறைய 25 அங்குலத்தில் வரும். மீதி ஐந்து அங்குலத்துக்கு நீங்கள் தோளைத் தூக்கியபடி நாள் முழுக்க டைப் அடிக்கிறீர்கள். வலிக்காமல் என்ன செய்யும்? உங்கள் கணவருக்கே 27, 27½ போதும். என் கணக்கை நம்பவேண்டாம். இன்று இரவே ஒருவரையொருவர் அளந்து பாருங்கள்.

உடனடி வைத்தியம் ஒன்று இருக்கிறது. நாற்காலியை 20 அங்குலத்துக்கு ஏற்றுங்கள். முழங்கை மேசைமட்டத்துக்கு வந்துவிடும். ஆனால் பாதம் தொங்கும், தொடையின் அடியில் நாற்காலி விளிம்பு அழுத்தும். அதற்கு வீட்டில் மணை இருந்தால் எடுங்கள். அடியில் கட்டைகளை அசையாமல் ஸ்க்ரூ போட்டு, நாலு நாலரை அங்குல உயரத்துக்குக் கொண்டுவந்து காலடியில் போடுங்கள். என் வாடிக்கையாளர்கள் பலருக்கு முதல் வாரத்தில் நான் செய்வது இதுதான், செலவு இருநூறு ரூபாய்கூட ஆகாது.

நிரந்தரமாக என்றால் இருவருக்கும் தனித்தனி மேசை. வெல்டிங் பட்டறையில் 1 அங்குல ஸ்கொயர் டியூபில் இரண்டு ஜோடிக் கால் அடிக்கச் சொல்லுங்கள். உங்களுடையது உங்கள் அளவு, அவருடையது அவர் அளவு. பலகையின் கனத்தைக் கழித்துச் சொல்ல மறக்காதீர்கள். அடியில் திருகி ஏற்றி இறக்கும் புஷ் வைத்தால் தரை மேடுபள்ளத்துக்கு ஆடாது. மேலே 4 அடிக்கு 2 அடி பிளைவுட் பலகை, நான்கு ஸ்க்ரூ. வீடு மாறும்போது கழற்றிக் கட்டிலோடு ஏற்றிவிடலாம். சுவரில் ஓர் ஓட்டை தேவையில்லை.

லேப்டாப்பைப் புத்தகங்கள் மேல் வைத்தாவது உயர்த்துங்கள். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு வரட்டும். கீபோர்டும் மவுஸும் தனியாக வேண்டும். இதைச் செய்யாமல் மேசை உயரத்தை மட்டும் குறைத்தால் தோள்வலி கழுத்துக்கு இடம் மாறும்.

அழகு என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு மேசைக்கும் ஒரே மரநிற மைக்கா, கால்களுக்கு ஒரே கருப்பு பெயின்ட். ஒன்று ஹாலில், ஒன்று பெட்ரூமில் இருந்தாலும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரித் தெரியும். இருவரும் ஒரே நேரத்தில் மீட்டிங் பேசுகிறவர்கள், ஒரே அறையில் போட்டுவிடாதீர்கள்.

திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகர்: 5 அடி நீளத்தில் பக்க டிராயரோடு ஒரு மேசைக்குத் தச்சர் ஒன்றரை ஷீட் பிளைவுட் கேட்கிறார். ஏமாற்றுகிறாரா? கடையில் ரெடிமேடாகவே வாங்கிவிடலாமா? வெள்ளை நிறத்தில், பளபளவென்று வேண்டும் என்பது என் ஆசை.

தச்சர் கணக்கு நியாயமானது. ஒரு ஷீட் 8 அடிக்கு 4 அடி. நீளவாக்கில் இரண்டாக அறுத்தால் 2 அடிப் பட்டைகள் இரண்டு. முதல் பட்டையில் மேல்பலகை 5 அடி போக 3 அடி மிஞ்சும், அது ஒரு பக்கத்துக்கு ஆகும். அடுத்த பட்டையில் மற்ற பக்கமும் டிராயர் பெட்டியின் உள்பக்கமும். அதற்குமேல் டிராயர்கள், பின்பலகை. ஒன்றரை ஷீட் பிடிக்கத்தான் செய்யும். நம் ஊர் மேசைகள் எல்லாம் 2 அடி அகலத்தில் இருப்பதற்கும் இந்த அறுப்புக்கணக்குதான் காரணம், யாருடைய கண்ணையும் அளந்து வந்தது கிடையாது. லேப்டாப்புக்கு 2 அடி போதும். 27 அங்குல மானிட்டர் வைப்பதாக இருந்தால் திரை முகத்துக்கு மிக நெருங்கிவிடும். அதற்காக 30 அங்குலம் அறுத்துப் பலகையை வீணாக்கவேண்டாம். மேசையைச் சுவரிலிருந்து 5 அங்குலம் தள்ளிப் போட்டு, மேசையின் பின்விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் கையில் மானிட்டரை மாட்டுங்கள். திரையும் பின்னால் போகும், அந்த இடைவெளியில் வயர்களும் இறங்கிவிடும்.

5 அடிப் பலகை நடுவில் தொய்யும். முன்விளிம்பின் அடியில் 2 அங்குலப் பட்டி ஒன்று ஓடவேண்டும் என்று தச்சரிடம் சொல்லுங்கள். புத்தக அலமாரி என்றால் இரண்டரை அடிக்கு மேல் தாங்கல் இல்லாமல் விடவேண்டாம். பிளைவுட்டில் ஐ.எஸ். (இந்தியத் தர எண்) 710 முத்திரை உள்ளது கொதிநீரையும் தாங்கும் ரகம், சமையலறைக்கு அவசியம். ஓதமில்லாத அறையில் எழுதுமேசைக்கு 303 போதும். மிச்சமாகும் பணத்தை நாற்காலியில் போடுங்கள்.

ரெடிமேடில் பெரும்பாலும் மரத்தூளை ஒட்டி அழுத்திய பலகைதான். பார்க்க நன்றாகவே இருக்கும். தண்ணீர் டம்ளர் கவிழ்ந்து விளிம்பு வழியாக உள்ளே இறங்கினால் உப்பிவிடும், திரும்பச் சரியாகாது. ஒருமுறை கழற்றிய ஸ்க்ரூ மறுபடி இறுகப் பிடிக்காது. வீடு மாறாதவர், இரண்டு மூன்று வருஷத்துக்குப் போதும் என்பவர் வாங்கலாம். உங்களுக்கு நல்ல தச்சர் கிடைத்திருக்கிறார், விட்டுவிடாதீர்கள்.

பளபளப்பு மட்டும் வேண்டாம். 2020 ஊரடங்கின்போது நான் எனக்கே ஒரு மேசை செய்துகொண்டேன். கண்ணாடி மாதிரி மின்னும் வெள்ளை மைக்கா. படத்தில் அத்தனை அழகு. சாயங்காலம் டியூப்லைட் போட்டதும் அதே வெளிச்சம் மேசையிலிருந்து எழுந்து கண்ணில் அடிக்கும். இரண்டு மாதம் தலைவலி என்று மாத்திரை போட்டேன், காரணம் புரியவில்லை. ஒருநாள் மேசைமேல் பழைய கோரைப்பாயை விரித்துவிட்டு வேலை பார்த்தேன். அன்று கண் கூசவில்லை. மறுவாரமே மைக்காவை உரித்து மேட் ரகம் ஒட்டினோம். வெள்ளை வேண்டுமானால் சாம்பல் கலந்த மேட் வெள்ளை எடுங்கள், கைரேகையும் அவ்வளவாகத் தெரியாது.

மேசை போடும் இடத்தை முடிவு செய்யும் முன் ஒன்று செய்து பாருங்கள். நாற்காலியில் உட்கார்ந்து, திரை வரப்போகும் இடத்தில் முகம் பார்க்கும் கண்ணாடியை நிறுத்துங்கள். அதில் ஜன்னலோ டியூப்லைட்டோ தெரிந்தால் நாளைக்குத் திரையிலும் அது தெரியும். தெரியாத கோணம் வரும்வரை திருப்புங்கள். சீலிங் ஃபேன் இறக்கைகளுக்கு மேலே விளக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள், இருந்தால் நிழல் மேசையில் வெட்டி வெட்டி ஓடும்.

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்: கிழக்கு பார்த்து உட்காரவேண்டும் என்று மாமனார் சொல்கிறார். அப்படி உட்கார்ந்தால் மேற்கு ஜன்னல் முதுகுக்குப் பின்னால் வருகிறது. வீடியோ மீட்டிங்கில் என் முகமே தெரிவதில்லை.

மாமனார் சொல்படி கிழக்கு பார்த்தே உட்காருங்கள். ஆனால் மேசையை வடக்கு ஜன்னல் உள்ள அறைக்கு மாற்ற முடியுமா பாருங்கள். கிழக்கு பார்த்தால் வடக்கு இடப்பக்கம் வரும். வலக்கைக்காரர் எழுதும்போது கை நிழல் தாளில் விழாது. வடக்கு வெளிச்சம் நாள் முழுக்கக் கூசாமல் ஒரே சீராக இருக்கும். நம் பக்கத்தில் கோடையில் சூரியன் கொஞ்சம் வடக்கே ஏறிவிடுவதால், சித்திரை நடுவிலிருந்து ஆடிவரை காலையிலும் மாலையிலும் சாய்வாக வெயில் எட்டிப்பார்க்கும். மெல்லிய கதர்த்துணித் திரை அதற்குப் போதும்.

அறையை மாற்ற வழியில்லை என்றால் மேற்கு ஜன்னலுக்கு வெளிப்பக்கமாக மூங்கில் தட்டி கட்டுங்கள். உள்ளே எத்தனை கனமான திரை போட்டாலும் கண்ணாடி வழியாக வெப்பம் ஏற்கெனவே அறைக்குள் வந்திருக்கும். வெளியே தடுத்தால்தான் பலன். முகத்துக்கு எதிரில், கம்ப்யூட்டர் திரைக்குச் சற்று மேலே ஒரு சின்ன விளக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு வாசகர்: நான் ஆடிட்டர். தாத்தா காலத்து வீடு. திண்ணையை ஒட்டிய அறையை அலுவலகமாக்க ஆசை. வீட்டின் பழமை கெடக்கூடாது. அறை பகலிலேயே இருட்டு, வைஃபை உள்ளே வருவதில்லை, சுவரின் கீழ்ப்பாகம் உதிர்கிறது. தாத்தாவின் கணக்குப்பெட்டியைப் பயன்படுத்த முடியுமா?

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். இப்படிப்பட்ட வீடு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. தயவுசெய்து அவசரப்பட்டு எதையும் ஒட்டிவிடாதீர்கள்.

முதலில் சுவர். உங்கள் தெரு வீடுகளுக்குப் பக்கச்சுவர் பொது, பழைய சுண்ணாம்புச் சுவர், ஒன்றரை அடிக்குக் குறையாமல் இருக்கும். தரையின் ஈரம் அதில் ஏறிக்கொண்டே இருக்கும், சுண்ணாம்பு வழியாக வெளியேறிக்கொண்டும் இருக்கும். உதிர்கிறதே என்று யாராவது சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறி, பூச்சு முடிகிற இடத்துக்கு மேல் உதிரும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடித்து, உதிர்ந்த இடத்தைச் சுரண்டிச் சுண்ணாம்பே பூசுங்கள். மேலே வெள்ளையடிப்பு மட்டும் போதும், பிளாஸ்டிக் பெயின்ட் வேண்டாம். இருட்டறைக்கு அந்த வெள்ளையே பாதி விளக்கு.

சுவரோடு ஒட்டிப் பிளைவுட் அலமாரி அடிக்கவே கூடாது. ஓதமும் கரையானும் ராமபாணப் பூச்சியும் உங்கள் ஃபைல்களுக்கு வரிசையில் நிற்கும். ஸ்டீல் பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்துங்கள். பச்சையோ சாம்பலோ, பழைய சர்க்கார் ஆபீஸ் நிறத்தில் பெயின்ட் அடித்தால் அந்த வீட்டுக்குப் பொருத்தமாகவே இருக்கும்.

வெளிச்சத்துக்கு, வேலையை இரண்டாகப் பிரிக்கச் சொல்வேன். திண்ணை அறையில் வாடிக்கையாளரைச் சந்தியுங்கள். கணக்குப் பார்க்கும் மேசை முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்து அறைக்குப் போகட்டும். அந்த மாதிரி வீடுகளில் வெளிச்சம் வருவது வாசல், முற்றம், கொல்லை மூன்று வழிகளில்தான், அதில் முற்றம்தான் ராஜா. முற்றத்துக்குப் பக்கவாட்டில் மேசையைப் போடுங்கள். ஐப்பசி மழையின் சாரல் எதுவரை வருகிறது என்று வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும், அந்தக் கோட்டுக்கு இரண்டடி உள்ளே தள்ளிப் போடுங்கள். சாயங்காலத்துக்கு 4000 கெல்வின் என்று அட்டைப்பெட்டியில் போட்ட எல்.இ.டி. பல்பு எடுங்கள். மஞ்சளுக்கும் நீலவெள்ளைக்கும் நடுவான நிறம் அது. உத்தர மரத்தின் நிறம் சாகாது, எண்ணும் தெளிவாகத் தெரியும்.

வைஃபை அந்தச் சுவரைத் துளைக்காது, எத்தனை விலையில் ரவுட்டர் வாங்கினாலும். வெளியே கேபிள் நுழையும் இடத்திலிருந்து மேசைவரை ஒரு லேன் வயர் இழுத்துவிடுங்கள். சுவரைக் குடையாமல் உத்தரத்தின் ஓரமாகவே ஓட்டலாம். மின்சாரமும் அதே மாதிரிதான். மரப்பட்டிமேல் ஓடும் பழைய வயரிங்காக இருந்தால் அதில் பெரும்பாலும் எர்த் இருக்காது. அதில் கம்ப்யூட்டரைச் சொருகாதீர்கள். போர்டிலிருந்து எர்த்தோடு தனி லைன், கூடவே மின்கசிவு வந்தால் உடனே கரன்ட்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்சு. இது கட்டாயம். பழைய வட்டச் சுவிட்சு இப்போதும் புதிதாகக் கிடைக்கிறது, அழகு கெடாது.

தாத்தாவின் கணக்குப்பெட்டிக்கு வருகிறேன். மூடி சாய்வாக இருக்கிறதல்லவா? பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்தவருக்குப் பேரேட்டைக் கண்ணுக்கு அருகில் தூக்கிக் கொடுத்தது அந்தச் சாய்வு. கழுத்தைத் தொங்கப்போடாமல் அவர்கள் மணிக்கணக்கில் எழுதினார்கள். அதைக் கண்ணாடி போட்டுக் காட்சிக்கு வைத்துவிடாதீர்கள். ஆவணங்களைப் படித்துப் பார்க்கும் வேளைக்குக் கூடத்தில் பாய் விரித்து அந்தப் பெட்டியின் முன்னால் உட்காருங்கள். மூடியின் கீல் தளர்ந்திருந்தால் பித்தளை ஸ்க்ரூவே போடுங்கள். தேங்காயெண்ணெய் தடவவேண்டாம், தூசி பிடித்துக் கருத்துப்போகும். தேன்மெழுகு போட்டுத் துணியால் தேய்த்தால் போதும்.

மன்னார்குடி அருகிலிருந்து ஒரு வாசகி: அடிக்கடி கரன்ட் போகிறது. ஒவ்வொரு முறையும் மீட்டிங் அறுந்துவிடுகிறது. பெரிய யு.பி.எஸ். வாங்கவேண்டுமா?

வேண்டாம். லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறது, அணைவது ரவுட்டர்தான். அதன் அடியில் 12 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதற்கென்றே உள்ளங்கையளவில் சின்ன யு.பி.எஸ். விற்கிறார்கள். ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் தனித்தனியாக இருந்தால் இரண்டு முனை உள்ளதாக வாங்குங்கள். பிறகு இன்வெர்ட்டர் வாங்கினால் சைன்வேவ் ரகம் எடுங்கள், லேசர் பிரின்டரை மட்டும் அதில் சேர்க்காதீர்கள், சூடேறும் நொடியில் அது நிறைய இழுக்கும். இடி மின்னல் நேரத்தில் அடாப்டரைப் பிடுங்கி வைத்துவிடுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து ஒரு வாசகி: வீட்டிலேயே பொடி, ஊறுகாய் செய்து பார்சலில் அனுப்புகிறேன். கணக்கு நோட்டு கட்டில் மேல், முகவரிச் சீட்டு ஃப்ரிட்ஜ் மேல், தராசு தரையில். மாடிப்படிக்கு அடியில் 6 அடி நீளம், 3 அடி அகலம் இடம் இருக்கிறது. உயரமான பக்கம் ஆறரை அடி. 'உனக்கெதற்கு ஆபீஸ்?' என்கிறார்கள். இதில் ஏதாவது செய்யமுடியுமா?

கண்டிப்பாக முடியும். மாதக் கணக்கு எழுதுகிறவருக்கு ஒரு மேசை வேண்டும், அதில் கேள்வியே கிடையாது.

6 அடி நீளச் சுவரை ஒட்டி, உயரமான பக்கத்திலிருந்து தொடங்கி மூன்றரை அடிக்கு மேசை. அகலம் 20 அங்குலம் போதும். நாற்காலி பாதி படிக்கு அடியில், பாதி ஹாலில் நிற்கும், வேலை முடிந்ததும் உள்ளே தள்ளிவிடலாம். மேசை உயரத்துக்கு முதல் பதிலில் என் அப்பாவின் முறை இருக்கிறது. தாழ்வான பக்கத்தில் அலமாரி அடிக்கச் சொல்வார்கள், வேண்டாம். குனிந்து ஆழத்தில் கைவிட்டுத் துழாவ வேண்டியிருக்கும். சக்கரம் வைத்த இரண்டு மரப்பெட்டிகளாகச் செய்து, அப்படியே வெளியே இழுக்கிற மாதிரி வையுங்கள். ஒன்றில் காலி ஜாடிகள், ஒன்றில் அட்டைப்பெட்டி, டேப், முகவரிச் சீட்டு. பார்சல் கட்டும் வேலையை இங்கே செய்யாதீர்கள், அது நின்று செய்கிற வேலை. சமையல் மேடை உயரத்தில் செய்தால்தான் முதுகு பிழைக்கும். தராசும் அங்கேயே இருக்கட்டும்.

படியின் சாய்ந்த அடிப்பாகத்துக்கு வெள்ளை அடித்து, அதில் எல்.இ.டி. பட்டையை முன்விளிம்பின் உட்புறமாக மறைத்து ஒட்டுங்கள். ஹாலில் இருப்பவர் கண்ணில் படாமல் மேசையில் மட்டும் வெளிச்சம் விழும். எதிர்ச்சுவரில் உங்களுக்குப் பிடித்த ஒரு நிறம் அடித்துக்கொள்ளுங்கள். நான் என்றால் மாம்பழ மஞ்சள் அடிப்பேன்.

தச்சரைக் கூப்பிடும் முன் எனக்கு மூன்று விவரம் எழுதுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரி அந்தப் படிக்கு அடியில் இருக்கிறதா? சார்ஜ் ஆகும்போது அதிலிருந்து வாயு வெளியேறும், அதைப் பலகை வைத்து அடைத்துவிடக் கூடாது, வேறு காற்றோட்டமான இடத்துக்கு மாற்றவேண்டும். மீட்டர் பெட்டி அங்கே இருந்தால் எந்தச் சுவரில்? உயரமான பக்கத்திலிருந்து மூன்றாவது அடியில் படியின் உயரம் எவ்வளவு? ஐந்தடிக்குக் குறைந்தால் எழும்போது தலையில் இடிக்கும், மேசையை அரை அடி முன்னால் கொண்டுவரவேண்டியிருக்கும். எழுதுங்கள், வரைபடம் போட்டு அனுப்புகிறேன்.